காபி இலைத்துரு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மழைக்காலம் முடிந்து பழம் சிவக்கும் நேரத்தில் ஏற்காட்டிலோ தாண்டிக்குடியிலோ கூடலூரிலோ ஒரு காபித் தோட்டத்துக்குள் நுழைந்து அரபிக்கா வகைக் காபியின் இலையைத் திருப்பிப் பாருங்கள். பல செடிகளில் இலையின் அடியில் ஆரஞ்சு நிறத் தூள் படிந்திருக்கும். தோட்டக்காரர்கள் இதைத் துரு நோய் என்பார்கள். காபி போடுபவர்கள், தாவரவியல் படிப்பவர்கள், இலங்கை மலையகத்தின் கதையைத் தெரிந்துகொள்ள விரும்புபவர்கள் என்று மூன்று தரப்பினரும் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

இது துருதான் என்று எப்படி உறுதி செய்வது?

முதலில் இலையின் மேல்பக்கத்தைப் பாருங்கள். வெளிர் மஞ்சளில், ஓரம் மங்கலான வட்டப் புள்ளிகள் தெரியும். அதே இடத்தில் இலையின் அடிப்பக்கம் ஆரஞ்சுத் தூள் இருக்கும். விரலால் தடவினால் மஞ்சள்பொடி போல ஒட்டிக்கொண்டு வரும். அப்படி வந்தால் சந்தேகமே வேண்டாம், துருதான். பழைய புள்ளிகளின் நடுப்பகுதி பழுப்பாகிக் காய்ந்துபோகும். தூள் ஓரத்தில் மட்டும் வளையமாக நிற்கும். காபியில் வரும் மற்ற இலைப்புள்ளி நோய்களில் இந்தத் தூள் இருக்காது.

ஒரு நல்ல கைலென்ஸ் இருந்தால் இன்னொன்றையும் பார்க்கலாம். கோதுமைத் துரு போன்றவை இலையின் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். காபித் துரு அப்படிக் கிழிப்பதில்லை. இலை மூச்சுவிடும் சிறு துளைகள் வழியாகவே குட்டிக் குட்டிப் பூங்கொத்துகளாக எட்டிப் பார்க்கும். அந்தக் கொத்திலிருக்கும் ஒவ்வொரு வித்தும் (பூஞ்சை பரவ உதவும் ஸ்போர்) சிறுநீரக வடிவில் இருக்கும். நுண்ணோக்கியில் வைத்தால் குவிந்த முதுகுப்பக்கம் முழுக்க முள்ளும், உட்குழிந்த பக்கம் வழுவழுப்பும் தெரியும். இந்தப் பாதி முள், பாதி வழவழப்பை வைத்தே இந்தப் பூஞ்சையை இனம் காணலாம். அதன் அறிவியல் பெயர் ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்.

தோட்டத்தில் மிளகு, ஆரஞ்சு, வாழை, சில்வர் ஓக் எல்லாம் இருக்கின்றன. அவற்றுக்கும் பரவுமா?

பரவாது. இந்தப் பூஞ்சை காபிப் பேரினத்தைச் சேர்ந்த செடிகளை மட்டுமே தாக்கும். மிளகுக்கொடியின் இலைமேல் லட்சம் வித்துகள் விழுந்தாலும் ஒன்றும் ஆகாது.

காரணம் அதன் பிழைப்பு முறை. நிறையப் பூஞ்சைகள் செடியைக் கொன்று, அழுகியதைத் தின்னும். துருப் பூஞ்சைகளுக்கு உயிருள்ள செடிதான் வேண்டும். இலைக்குள் போனதும் அதன் இழைகள் செல்களுக்கு இடையே படர்கின்றன. அப்புறம் செல்லின் சுவரைத் துளைத்து, உள்சவ்வைக் கிழிக்காமல் அதை உள்ளே அழுத்திக்கொண்டு, உறிஞ்சு உறுப்பு ஒன்றை உள்ளே வளர்க்கும். செல் சாகாமல் வேலை செய்துகொண்டே இருக்கும். அது உண்டாக்கும் சர்க்கரையைப் பூஞ்சை உறிஞ்சிக்கொண்டிருக்கும். இதற்காகச் செடியின் காவல் ஏற்பாடுகளை அடக்கும் புரதங்களை அது சுரக்கிறது. அந்தப் புரதங்கள் காபிக்கென்றே அமைந்தவை. வேறு செடியில் அவை பலிக்காது. காபியிலேயேகூட, அந்தப் புரதத்தில் ஒன்றை அடையாளம் காணும் மரபணு செடிக்கு இருந்துவிட்டால், தாக்கப்பட்ட செல்லும் அதன் அக்கம்பக்கச் செல்களும் தாமாகவே செத்துவிடும். உயிருள்ள செல் இல்லையென்றால் பூஞ்சைக்குச் சோறு இல்லை. நோய் அங்கேயே நின்றுவிடும்.

ரொபஸ்டா வகைக் காபிக்கு வருமா?

வரும், ஆனால் பெரும்பாலும் லேசாக. ரொபஸ்டாவும் லைபீரிகா என்ற இன்னொரு காபி வகையும் பல எதிர்ப்பு மரபணுக்களைச் சுமந்திருக்கின்றன. ரொபஸ்டா தன் மகரந்தத்தால் தானே காய்க்காது; அதனால் ஒவ்வொரு செடியும் மரபணுவில் கொஞ்சம் வேறு வேறாக இருக்கும். அரபிக்கா தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். எத்தியோப்பியாவிலிருந்து ஏமன் வழியாக உலகமெங்கும் போனது சில கைப்பிடி விதைகளின் வாரிசுகள்தான். ஒரு செடியைத் தாக்கத் தெரிந்த பூஞ்சைக்கு மலை முழுவதும் திறந்த வீடாகிவிடுகிறது. இந்தப் பக்கத்தில் சொல்வதில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வித்து இலைக்குள் எப்படி நுழைகிறது?

அதற்கு வேண்டியது நீர்த்துளி. ஈரக்காற்று போதாது, இலைமேல் தண்ணீர் நிற்க வேண்டும். இருட்டும் வேண்டும், வெளிச்சம் முளைப்பைத் தடுக்கும். வெப்பம் 21 முதல் 25 டிகிரி வரை இருந்தால் அதற்குக் கொண்டாட்டம்; 15-க்குக் கீழும் 30-ஐ நெருங்கும்போதும் சுணங்கிவிடும். மழை பெய்த இரவில் இதெல்லாம் கூடிவரும்போது வித்து சில மணி நேரத்தில் முளைவிடும். முளை இலைப்பரப்பில் ஊர்ந்து ஒரு இலைத்துளையைத் தேடும். காபி இலைக்குத் துளைகள் அடிப்பக்கம் மட்டுமே இருப்பதால் மேல்பக்கத்தில் விழுந்த வித்து வீண். துளை கிடைத்ததும் அதன்மேல் தடித்த ஒட்டுறுப்பாக அமர்ந்து, அங்கிருந்து உள்ளே இறங்கும்.

அப்புறம் மூன்று நான்கு வாரம் வெளியே எதுவும் தெரியாது. குளிரான உயரமான இடங்களில் இரண்டு மாதம்கூட ஆகும். விவசாயிகள் ஏமாறுவது இந்த இடைவெளியில்தான். இலை பச்சையாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது நோய் உள்ளே முற்றியிருக்கும். தூள் வந்ததும் ஒரே புள்ளி மூன்று நான்கு மாதங்களில் மூன்று நான்கு லட்சம் வித்துகளை உதிர்க்கும். மழைத்துளி தெறித்து அடுத்த இலைக்கும், காற்று அடித்து அடுத்த மலைக்கும், பழம் பறிப்பவரின் சட்டையில் ஒட்டி அடுத்த தோட்டத்துக்கும் போகும்.

துரு பிடித்த இலை உதிர்ந்துவிடுவதால் அப்படி என்ன பெரிய நஷ்டம்? அந்த வருஷக் காய் வந்துவிடுகிறதே?

அந்த வருஷக் காய் பெரும்பாலும் வந்துவிடும். அடி விழுவது அடுத்த வருஷத்தில். காபி, இந்த ஆண்டு வளர்ந்த கிளையில்தான் அடுத்த ஆண்டு காய்க்கும். இலையில்லாமல் மொட்டையான கிளை வளராது. அதிலேயே பாரமாகக் காயும் இருந்தால், செடி தன்னிடம் மிச்சமிருக்கும் சத்தையெல்லாம் காய்க்குக் கொடுத்துவிட்டு நுனியிலிருந்து காய்ந்து வரும். ஒரு முறை இப்படி நுனி காய்ந்த செடி பழைய நிலைக்கு வர ஒன்றிரண்டு வருஷம் பிடிக்கும்.

சில ஆண்டு தோட்டமே ஆரஞ்சாகிவிடுகிறது, அடுத்த ஆண்டு பார்த்தால் ஒன்றுமில்லை. ஏன்?

மழையும் ஒரு காரணம்தான். ஆனால் காய்ப்பின் பங்கைப் பலர் கவனிப்பதில்லை. நிறையக் காய் பிடித்த செடியின் இலைகள் துருவுக்கு எளிதில் மசியும். சோதனைக்காகக் காயைப் பறித்துவிட்ட கிளைகளில் நோய் குறைந்திருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அரபிக்கா ஒரு ஆண்டு அதிகமாகவும் மறு ஆண்டு குறைவாகவும் காய்க்கும் சுபாவம் உள்ளது. துருவும் அதே தாளத்தில் ஏறி இறங்கும். ஆகவே காய் நன்றாகப் பிடித்த வருஷத்தில்தான் உரத்துக்கும் மருந்துக்கும் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது.

இன்னொன்று, கோடையில் செடியில் தங்கிவிட்ட பழைய நோய் இலைகள். அடுத்த மழைக்கு விதை அங்கேதான் இருக்கிறது. கோடையில் எத்தனை நோய் இலை மிஞ்சுகிறதோ அதைப் பொறுத்து மழைக்காலத் தொடக்கம் அமையும்.

பள்ளியில் கோதுமைத் துருவுக்குப் பெர்பெரிஸ் என்ற இரண்டாவது செடி வேண்டும் என்று படித்தோம். காபித் துருவுக்கும் அப்படி ஒன்று உண்டா?

தேடிக்கொண்டே இருக்கிறார்கள், இன்றுவரை கிடைக்கவில்லை. காபித் துரு சில நேரம் டீலியோஸ்போர் என்ற வேறு வகை வித்தையும் உண்டாக்கும். அது முளைத்து பெசிடியோஸ்போர்களைத் தரும். கோதுமைத் துருவில் இந்த பெசிடியோஸ்போர்தான் பெர்பெரிஸைத் தாக்கும். காபித் துருவின் பெசிடியோஸ்போரோ காபி இலையையே தாக்குவதில்லை. அது தாக்கும் வேறு செடியும் தெரியவில்லை. ஆரஞ்சுத் தூளிலிருந்து மறுபடி ஆரஞ்சுத் தூள், பாலினப்பெருக்கம் இல்லாமல் இப்படியே காலம் தள்ளுகிறது.

பாலினப்பெருக்கம் இல்லையென்றால் இந்தத் துருவில் புதுப்புது உள்இனங்கள் எப்படி வருகின்றன?

எந்தெந்தக் காபி ரகத்தைத் தாக்கும் என்பதில் வேறுபடும் 50-க்கும் மேற்பட்ட இனங்கள் அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. கோடிக்கணக்கில் வித்து உண்டாகும் இடத்தில் ஒன்றிரண்டில் மரபணு மாற்றம் நிகழ்வது சாதாரணம். அதில் ஒன்று செடியின் காவலுக்குத் தெரியாத மாதிரி மாறிவிட்டால், எதிர்ப்புள்ள ரகம் நிறைந்த மலை முழுவதும் அதற்கு மட்டும் சொந்தம். இதற்கு மேல், ஆரஞ்சு வித்துகளுக்குள்ளேயே மறைவாகப் பாலினப்பெருக்கம் போன்ற ஒன்று நடக்கிறது என்பதற்கான தடயங்களைப் போர்ச்சுகீசிய ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்டார்கள். உலகம் முழுவதிலுமிருந்து வரும் துரு மாதிரிகளை வைத்து இனம் பிரிக்கும் வேலையைப் போர்ச்சுகலின் ஓய்ராஸில் உள்ள காபித் துரு ஆய்வு மையம் 1955 முதல் செய்துவருகிறது. காபி விளையாத நாட்டில் அதை வைத்ததும் யோசித்துச் செய்ததுதான். வித்து தப்பினாலும் பக்கத்தில் தாக்குவதற்குத் தோட்டம் இல்லை.

இந்த நோய் எங்கே தோன்றியது?

ஆப்பிரிக்காவில், காபியோடு சேர்ந்தே. 1861-இல் விக்டோரியா ஏரிப் பக்கத்தில் காட்டுக் காபியில் இதைப் பார்த்த பதிவு இருக்கிறது. எத்தியோப்பியாவின் தென்மேற்குக் காடுகளில் அரபிக்கா இன்றும் தானாக வளர்கிறது. துருவும் அங்கே இருக்கிறது, ஆனால் காட்டை அழிப்பதில்லை. பல வகைச் செடிகள், அடர்ந்த நிழல், குறைந்த காய்ப்பு, பூஞ்சையைத் தின்னும் எதிரிகள் என்று எல்லாம் அதைக் கட்டுக்குள் வைத்திருக்கின்றன.

இலங்கையில் என்னதான் நடந்தது?

கண்டி மலைகளில் காட்டை வெட்டி, நிழல்மரம்கூட இல்லாமல், மைல் கணக்கில் அரபிக்காவை மட்டும் நட்டிருந்தார்கள். 1869-இல் நோய்பட்ட இலைகளைப் பேராதனைத் தாவரவியல் தோட்டத்தின் இயக்குநர் துவைட்ஸ் இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பூஞ்சை ஆய்வாளர்களான மைல்ஸ் பெர்க்லியும் புரூமும் அதே ஆண்டில் பூஞ்சைக்குப் பெயர் வைத்து வெளியிட்டார்கள். அப்போது பெரும்பாலான துரைமார்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காபி விலை ஏறிக்கொண்டிருந்தது. விளைச்சல் குறைந்தாலும் வருமானம் குறையவில்லை; இன்னும் காட்டை வெட்டி இன்னும் நட்டார்கள். பூஞ்சைக்கு இலை கூடிக்கொண்டே போனது.

1870 வாக்கில் ஆண்டுக்கு 10 கோடி பவுண்டு எடையுள்ள காபியை ஏற்றுமதி செய்த தீவு, 1889-இல் சுமார் 50 லட்சம் பவுண்டுக்கு இறங்கியது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி 1884-இல் கதவை மூடியது. சிலர் குயினைன் மருந்து தரும் சின்கோனா மரத்துக்கு மாறினார்கள். எல்லோரும் நட்டதால் அதன் விலையும் விழுந்தது. கடைசியில் நின்றது தேயிலை. லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867-லேயே தேயிலை பயிரிடத் தொடங்கியிருந்தார்.

இதற்கும் மலையகத் தமிழர் வரலாற்றுக்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு. காபிக்குப் பழம் பறிக்கும் சில மாதங்களில்தான் நிறைய ஆள் வேண்டும். திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, ராமநாதபுரம், சேலம் பக்கமிருந்து ஆள் சேர்த்துக் கூட்டிப்போகும் கங்காணியின் பின்னால் கடலைக் கடந்து, மன்னாரிலிருந்து காட்டுவழியே மாத்தளைக்கு நடந்துபோய், பறிப்பு முடிந்ததும் பலர் ஊர் திரும்பினார்கள். அந்த வழியில் காலராவிலும் பசியிலும் செத்தவர்கள் ஏராளம்.

தேயிலை அப்படிப்பட்ட பயிர் இல்லை. கொழுந்து வருஷம் முழுக்க வரும், வருஷம் முழுக்கப் பறிக்க வேண்டும். குடும்பத்தோடு லயங்கள் என்ற வரிசை வீடுகளில் தங்க வைத்தார்கள். பருவத்துக்கு வந்துபோன கூட்டம் அங்கேயே பிறந்து வாழும் சமூகமாக மாறியதில் பயிர் மாறியதற்குப் பெரிய பங்கு உண்டு. பயிர் மாறியது இந்தப் பூஞ்சையால். காபி வீழ்ந்த ஆண்டுகளில் கூலி நிலுவையில் விடப்பட்ட தொழிலாளர்கள் பட்ட பாடு, துரைமார்களின் நஷ்டக் கணக்கு அளவுக்குப் பேசப்படவில்லை. பேசப்பட வேண்டும்.

அப்போது யாரும் ஆராயவில்லையா?

ஹாரி மார்ஷல் வார்ட் என்ற இளைஞரை 1880-இல் இங்கிலாந்திலிருந்து இலங்கைக்கு அனுப்பினார்கள். இருபதுகளின் நடுவில் இருந்தவர். வித்து இலைத்துளை வழியாக நுழைவதையும், காற்றில் பரவுவதையும், இலைக்குள் அதன் வளர்ச்சியையும் இரண்டு ஆண்டுகளில் அவர் கண்டு சொன்னார். வித்து முளைப்பதற்கு முன்பே மருந்து இலைமேல் இருக்க வேண்டும், உள்ளே போனபின் தெளித்துப் பயனில்லை என்பது அவர் கண்ட முடிவு. இடைவெளியே இல்லாமல் ஒரே பயிரைப் பரப்பியதுதான் நோய்க்கு வழிவிட்டது என்றும் சொன்னார். தோட்டக்காரர்கள் எதிர்பார்த்தது ஒரு மருந்தை. மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த பூஞ்சை மருந்தான போர்டோ கலவையைப் பிரான்ஸில் மில்லார்டே 1885-இல்தான் அறிவித்தார். 1882-இல் வார்ட் ஊர் திரும்பிவிட்டார். பிற்பாடு கேம்பிரிட்ஜில் தாவரவியல் பேராசிரியர் ஆனார்.

இந்தியாவில் காபி எப்படித் தப்பியது?

இங்கே துரு வந்ததும் கிட்டத்தட்ட அதே நேரம்தான். ஆனால் நம் தோட்டங்களில் நிழல் இருந்தது. செடியைத் தேர்ந்தெடுக்கும் வேலையும் நடந்தது. 1911-இல் மைசூர்ப் பகுதியில் தொட்டென்குட்டா தோட்டத்தில் கென்ட் என்பவர் துரு படாத ஒரு செடியைக் கவனித்து அதன் விதையைப் பரப்பினார். அதுதான் கென்ட்ஸ் ரகம். சில ஆண்டுகள் நன்றாக நின்றது, பிறகு அதற்கும் துரு வந்தது. பாலெஹொன்னூர் ஆய்வு நிலையத்தில் மேய்ன் 1930-களின் தொடக்கத்தில் காரணத்தைக் காட்டினார். பழைய கூர்க் ரகத்தைத் தாக்கும் துரு வேறு, கென்ட்ஸைத் தாக்கும் துரு வேறு. காபித் துருவில் இனங்கள் உண்டு என்பதை உலகத்துக்கு முதலில் சொன்னது இந்தியாவில் நடந்த ஆய்வு.

பிறகு வந்ததுதான் எஸ் 795. அரபிக்காவும் லைபீரிகாவும் தற்செயலாகக் கலந்து பிறந்த செடியின் வழித்தோன்றலைக் கென்ட்ஸோடு சேர்த்து உருவாக்கியது. 1940-களில் வெளிவந்தது. அதன் எதிர்ப்பு இப்போது பெரும்பாலும் உடைந்துவிட்டாலும், ருசிக்காகவும் தாங்கும் சக்திக்காகவும் இன்றும் பரவலாக நிற்கிறது.

காவேரி, சந்திரகிரி ரகங்களுக்குத் துரு வராது என்கிறார்களே?

வராது என்று யாரும் உறுதி தர முடியாது. இரண்டின் வேரும் திமோர் தீவில் இருக்கிறது. 1920-களில் அங்கே ஒரு தோட்டத்தில் அரபிக்காவும் ரொபஸ்டாவும் இயற்கையாகக் கலந்த செடி கிடைத்தது. ரொபஸ்டாவுக்குக் குரோமோசோம் 22, அரபிக்காவுக்கு 44. சாதாரணமாகக் கலப்பது கடினம். இந்தச் செடி 44 குரோமோசோமோடு இருந்ததால் அரபிக்காவோடு தாராளமாகச் சேர்ந்தது. உலகில் துரு எதிர்ப்பு ரகம் என்று விற்கப்படுபவற்றில் பெரும்பகுதி இதன் வாரிசுகள். காவேரி ரகத்தில் ஏற்கனவே துரு ஏறிவிட்டது. ஹோண்டுராஸில் லெம்பிரா ரகத்தின் எதிர்ப்பும் 2017-இல் உடைந்தது. 2007-இல் வெளியான சந்திரகிரியை நடலாம். ஆனால் தோட்டம் முழுக்க அதை மட்டும் நடாதீர்கள்.

தென் அமெரிக்காவுக்குத் துரு எப்போது போனது?

1970 ஜனவரியில் பிரேசிலின் பாஹியாவில் கண்டார்கள். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மத்திய அமெரிக்கா, கொலம்பியா எல்லாம் போய்விட்டது. 2012-13-இல் மத்திய அமெரிக்காவில் பெரிதாக வெடித்து, குவாத்தமாலா, ஹோண்டுராஸ், கோஸ்டாரிகா அவசரநிலை அறிவித்தன. ஹவாய்க்கு 2020-இல் வந்து சேர்ந்தது.

நிழல் நல்லதா, கெட்டதா?

இரண்டும். நிழலில் காய்ப்பு மிதமாக இருக்கும், அதனால் செடி தளராது. அதே நிழல் இலை ஈரத்தைச் சீக்கிரம் காயவிடாது. உயரமான மரத்திலிருந்து சொட்டும் பெரிய துளிகள் வித்தைத் தெறிக்க வைக்கும். சல்லடை போல வெளிச்சம் இறங்கும் நிழலே நம் மலைகளுக்குப் பொருத்தம். மழைக்கு முன் கல்யாண முருங்கைக் கிளைகளைக் கழித்துவிட்டு, காபிச் செடியின் நடுவைக் கவாத்து செய்து காற்றோட்டம் கொடுத்தால் போதும். துருவுக்குப் பயந்து நிழலை முழுக்க எடுத்துவிட்டால் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற வண்டு வந்துவிடும். அரபிக்காவுக்குத் துருவைவிடப் பொல்லாத எதிரி அது. துரு இலையைத்தான் எடுக்கும், துளைப்பான் செடியையே எடுத்துவிடும்.

துருவைத் தின்னும் உயிர்கள் இருக்கின்றனவா?

இருக்கின்றன. ஆரஞ்சுத் தூளின்மேல் வெள்ளையாகப் பஞ்சு படர்ந்திருப்பதை மழைக்காலத்தில் பார்க்கலாம். அது லெக்கானிசில்லியம் என்ற பூஞ்சை. காபியின் பச்சைச் செதில் பூச்சியையும் அதே பூஞ்சை தாக்கும். மெக்ஸிகோவின் சியாபாஸில் வாண்டர்மீரும் பெர்ஃபெக்டோவும் நீண்டகாலம் ஆராய்ந்து ஒரு சங்கிலியைக் காட்டினார்கள். மரத்தில் கூடு கட்டும் எறும்புகள் செதில் பூச்சியைக் காக்கின்றன. செதில் பூச்சி பெருகும் இடத்தில் வெள்ளைப் பூஞ்சை பெருகுகிறது. அது துருவின்மேலும் பாய்கிறது. பூச்சி என்று கண்டதை எல்லாம் கொல்வதற்கு முன் இதை யோசிக்க வேண்டும். துருத் தூளைத் தின்னும் குட்டி ஈ ஒன்றின் ஆரஞ்சு நிறப் புழுக்களும் உண்டு. ஆனால் இவை எல்லாம் துரு ஏறிய பிறகே பெருகுபவை. இவற்றை மட்டும் நம்பித் தோட்டத்தை விட முடியாது.

போர்டோ கலவையை எப்படித் தயாரிப்பது?

காபிக்கு அரை சதவீதக் கலவை. மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 1 கிலோ, தெளிப்புச் சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 200 லிட்டர். மயில்துத்தத்தைத் தனியாக, சுண்ணாம்பைத் தனியாகக் கரையுங்கள். இரும்புப் பாத்திரம் கூடாது, பிளாஸ்டிக் டிரம் நல்லது. மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் மெதுவாக ஊற்றிக் கலக்குங்கள். மாற்றி ஊற்றினால் கட்டி தட்டும். வான நீலத்தில் கலவை வரும். பளபளப்பான கத்தியை அதில் கொஞ்ச நேரம் வைத்து எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் சேர்க்க வேண்டும். அப்படியே அடித்தால் இலை கருகும். கலந்த அன்றே அடித்து முடித்துவிட வேண்டும்.

முக்கியமானது, இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும். மேலே நீலமாகத் தெரிகிறதே என்று திருப்திப்பட்டுப் போனவர்கள் நிறைய. மழை தொடங்குவதற்கு முன் ஒன்று, மழை ஓய்ந்ததும் ஒன்று என்று அடிப்பது வழக்கம். இலைக்குள் ஏற்கனவே நோய் இறங்கியிருந்தால் ஊடுருவும் மருந்து தேவைப்படும்; எது, எவ்வளவு என்பதைத் தாண்டிக்குடியில் உள்ள காபி வாரிய ஆய்வு நிலையத்திலோ உங்கள் பகுதி அலுவலரிடமோ கேட்டுச் செய்யுங்கள். செம்பு மருந்து வெள்ளைப் பூஞ்சையையும் கொல்லும், மண்ணிலும் தங்கும். அதனால் தேவைக்கு மேல் ஒரு முறைகூட அடிக்க வேண்டாம்.

துரு பிடித்த செடியின் காபியைக் குடித்தால் உடம்புக்குக் கெடுதலா?

இல்லை. பூஞ்சை இலையில் இருக்கிறது, கொட்டையில் இல்லை; மனிதரைத் தாக்கவும் அதற்குத் தெரியாது. கடுமையாக இலை உதிர்ந்த செடியில் கொட்டை சிறுத்து, பொக்காகி, தரம் குறையும். விலையில் அது தெரியும்.